பட்டியலின் முதல் பெயர்

அக்காவுக்கு என்ன ரத்த வகை என்று எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. இதற்காக ஒரு முழு நாள் சண்டை நடந்தது.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்தது எங்கள் மென்பொருள் அலுவலகம். மொத்தம் ஆறு பேர். ஆறு பேருக்குக் கழுத்தில் தொங்கவிட அட்டை எதற்கு என்று கேட்காதீர்கள், ஓனருக்கு அப்படி ஓர் ஆசை. அட்டை அச்சாகி வந்தது. ஆறு பேருக்கும் ரத்த வகை ஓ பாசிட்டிவ். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்த இடம் காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று அச்சடித்தவர் தானாகப் போட்டிருக்கிறார். நாங்கள் ஐந்து பேரும் மாட்டிக்கொண்டோம். அக்கா மட்டும் பிளேடு எடுத்து அந்த எழுத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, புது அட்டைய ஏன் கெடுக்கற?" என்றார் ஓனர்.

"எனக்கு என்னா ரத்தம்னு எனக்கே தெரியாது சார். இவருக்கு யாரு சொன்னாங்க?"

"முக்காவாசி பேருக்கு அதாம்மா இருக்கும்."

"நான் மீதில இருந்தா?"

"ஆஸ்பத்திரில எப்பிடியும் டெஸ்ட் பண்ணிட்டுதாம்மா ஏத்துவாங்க."

"அப்ப இது எதுக்கு சார்?"

 ஓனர் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அக்கா சுரண்டி முடித்து, அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்த அட்டையை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு அட்டைக்கு இவ்வளவா என்று நினைத்தேன். நான் அப்படிப்பட்ட ஆளாகத்தான் இருந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் ஆறு வருடம் புரோகிராம் எழுதிவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதால் ஊருக்குத் திரும்பியவன். அந்த அலுவலகத்தில் புரோகிராம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதனால் தலைக்கனமும் இருந்தது. அக்கா டேட்டா என்ட்ரி. நோட்டில் இருப்பதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டுகிற வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மங்கலம்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என்னைத் தம்பி என்பார், ஆனால் நீங்க என்றுதான் பேசுவார். நீ என்று அவர் பேசினால் விஷயம் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு நிற்பதுதான் அவருடைய குணம். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பஸ் நிறுத்தத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் ஏதோ ஒரு பீங்கான் கம்பெனி பெயரைச் சொல்லி வழி கேட்பார். நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள், நாலு பேருக்கும் தெரியாது. அக்கா, "தெரியாதுங்க" என்பார். கேட்டவர் அவரைத்தான் முறைத்துவிட்டுப் போவார். மத்தியானம் யாராவது சாப்டீங்களா என்றால் நாமெல்லாம் சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆச்சு என்போம். அக்கா, "இல்ல, இன்னும் இல்ல" என்பார். கேட்டவர் மரியாதைக்குக் கேட்டவர், என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்.

எங்களுக்குச் சோறு போட்டது ஒரு சங்கத்து வேலைதான். இந்த ஊரில் பீங்கான் கம்பெனிகள் நிறைய. பொம்மை, ஜாடி, கரண்ட்டு ஃபியூஸ் செருகுகிற பீங்கான் கட்டை என்று எல்லாம் செய்கிறார்கள். சிறு முதலாளிகள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அந்தச் சங்கத்தின் தொழிலாளர் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நடத்துவது எங்கள் பொறுப்பு. பெயர், ஊர், பிறந்த தேதி, எந்தப் பிரிவில் வேலை, கடைசியாக எப்போது நெஞ்சுப் படம் எடுத்தது.

அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். பீங்கானுக்கு வெள்ளைக் கல்லை மாவாக அரைக்க வேண்டும். அரைக்கிற இடத்தில் பறக்கிற தூள் கண்ணுக்குக்கூடத் தெரியாது, நெஞ்சுக்குள் போய்த் தங்கிவிடும். பத்து வருடம் கழித்துக்கூட அதன் வேலையைக் காட்டும். அதனால் வருடத்துக்கு ஒரு முறை சங்கத்து மைதானத்துக்கு எக்ஸ்ரே வேன் வரும், அதைக் கேம்பு என்போம். யார் யார் படம் எடுக்க வேண்டும் என்று எங்கள் புரோகிராம் பட்டியல் போடும். படம் எடுத்து ஒரு வருடம் ஆனவர்கள் பட்டியலில் வருவார்கள். இதுவரை எடுக்காதவர்களுக்குத் தேதிக் கட்டம் காலியாக இருக்கும், அவர்கள் பட்டியலின் தலையில் வருவார்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வேனில் ஏற முடியாது.

அக்கா வருவதற்கு முன் இந்த வேலையைச் செய்தவர் பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று என்று தட்டி வைத்திருந்தார். அக்கா வந்த முதல் புத்தாண்டில் சங்கத்தின் பிறந்தநாள் வாழ்த்து பாதித் தொழிலாளிகளின் போனுக்கு ஒரே நேரத்தில் போனது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "இத்தன பேரையும் ஒரே நாள்ல பெத்தாங்களா?" என்று கேட்டுவிட்டு, பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்து, நோட்டில் தேதி இல்லாத இடத்தையெல்லாம் காலியாக்கினார். ஒன்றரை மாதம் ஆனது. ஓனர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவரிடம் இன்னும் இரண்டு பழக்கங்கள் இருந்தன. மேசையைக் காய்ந்த துணியால் தட்ட விடமாட்டார், ஈரத் துணிதான். பெருக்க வருகிற அம்மாவிடம், "தண்ணி தெளிச்சிட்டுப் பெருக்குக்கா" என்று தினமும் சொல்வார். இன்னொன்று, மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒரு நிமிடம் நிற்பார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார். என்னக்கா பார்க்கிறீங்க என்றால், "சும்மா, தெருவப் பாக்கறேன்" என்பார். சுத்தக்காரி, வேடிக்கை பார்க்கிறவர் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுதுவதில்லை. ஃபிரேம்வொர்க் என்று ஒன்று இருக்கிறது. தூணும் உத்தரமும் தயாராக வந்துவிடும், சுவர் மட்டும் நாம் வைத்துக்கொள்ள வேண்டும். சங்கத்து மென்பொருள் நின்றிருந்தது மிகப் பழைய பதிப்பின் மேல். சர்வரை வாடகைக்கு விட்டிருந்தவர்கள், திங்கட்கிழமையோடு பழைய பதிப்பை ஓட்டமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் முன்பே சொன்னார்கள். ஓனர் என்னிடம் சொன்னது வெள்ளிக்கிழமை.

புதுப் பதிப்புக்குப் போனால் டேட்டாபேஸில் இருக்கிற அட்டவணைகளையும் அதற்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். முதலில் இது, பிறகு இது என்று வரிசையாகக் கட்டளைகள் எழுதி ஓட்டுவோம். அதற்கு மைக்ரேஷன் என்று பெயர். பதினோரு கட்டளைகள் எழுதினேன். ஆறு ஓடின. ஏழாவது பாதி வேலையைச் செய்துவிட்டு நின்றது. மறுபடி ஓட்டினால், இந்தக் கட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்றது. அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு ஓட்டினால் பழைய இடத்திலேயே வந்து நின்றது. டேட்டாபேஸ் பாதி பழையது, பாதி புதியது. மத்தியானம் வரை இதே கூத்து.

காரணம் படம் எடுத்த தேதிக் கட்டம். பிறந்த தேதி காலியாக இருக்கலாம் என்று, அக்கா அழித்தபோதே டேட்டாபேஸுக்குச் சொல்லி வைத்திருந்தேன். பழைய பதிப்பு, தேதி இல்லாத இடத்தில் நாள், மாதம், வருடம் எல்லாவற்றையும் பூஜ்யமாகப் போட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தது. புதுப் பதிப்பு அப்படி ஒரு தேதியே கிடையாது என்று மறுத்தது. முப்பத்தெட்டு பேருக்கு அந்தக் கட்டம் பூஜ்யம். முப்பத்தெட்டு பேரும் ஒரு முறைகூட நெஞ்சுப் படம் எடுக்காதவர்கள்.

சரியான வழி எனக்குத் தெரியும். அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம் என்று டேட்டாபேஸுக்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால், தேதி கட்டாயம் இருக்கும் என்று நம்பி எழுதிய பதினான்கு ரிப்போர்ட்டுகள் உடையும். பதினான்கையும் திருத்த மூன்று நாள் ஆகும். குறுக்கு வழியும் தெரியும். ஒரே வரி. பூஜ்யம் இருக்கிற இடத்திலெல்லாம் இன்றைய தேதியைப் போடு.

"எது சீக்கிரம் முடியும்?" என்றார் ஓனர்.

"இது அஞ்சு நிமிசம்."

"அப்பறம் என்னா யோசன?"

அக்கா தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். டேட்டாபேஸ் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த முப்பத்தெட்டு வரிகளையும் தட்டியவர் அவர்தான்.

"அந்தக் கட்டத்துல தேதி போட்டா அவங்க படம் எடுத்தாச்சின்னு ஆயிடும் தம்பி."

"தெரியும்க்கா. இப்போதைக்குத்தான். கேம்பு வியாழக்கெழம. புதன்கெழமைக்குள்ள சரி பண்ணிடறேன்."

"அது வரைக்கும்?"

"அது வரைக்கும் யாரு பாக்கப் போறாங்க?"

"எடுக்காத படத்த எடுத்ததா எழுதறோம். ஒரு நாளா இருந்தா என்னா, ஒரு மணி நேரமா இருந்தா என்னா?"

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. காலையிலிருந்து சாப்பிடவில்லை, ஓனர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "அக்கா, மைக்ரேஷன்னா என்னான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"தெரியாது" என்றார் அக்கா. "ஆனா நீ செய்யப் போறது என்னான்னு தெரியுது."

முதல் முறையாக நீ என்றார். நான் அந்த வரியைத் தட்டி என்டரை அழுத்தினேன். ஏழாவது கட்டளை ஓடியது, எட்டு, ஒன்பது என்று பதினொன்றும் ஓடி முடிந்தன. ஓனர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். டேட்டாபேஸின் பழைய நகலைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அந்த வாரத்தில் நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் வெப்சைட் வேண்டும் என்று வந்தார். முகூர்த்த நாட்கள் தொடங்கிவிட்டன, உடனே வேண்டும் என்றார். "மொதல்ல இத முடி தம்பி" என்றார் ஓனர். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நான் மண்டபத்தின் அலங்கார வளைவுக்கு எந்த ரோஜா நிறம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சரியான வேலைக்கு எவ்வளவு நாள் வேண்டும் என்று சொன்னேனோ, அதே மூன்று நாள்.  அக்கா புதன்கிழமை சாயங்காலம் என் மேசைக்கு வந்து, "ஆச்சா?" என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஆச்சுக்கா" என்றேன். சாப்டீங்களா என்று கேட்டால் சொல்கிற ஆச்சு.

அக்கா அதை நம்பினார். தான் பொய் சொல்லாதவர், அடுத்தவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வார்.

வியாழக்கிழமை மைதானத்தில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது அக்காதான். பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. நல்லூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து நிற்கிறாராம். நாலு வருடமாகக் கல் அரைக்கிற மில்லில் வேலை. ஒவ்வொரு வருடமும் கேம்ப் அன்றைக்கு அவருக்கு ஷிப்ட் இருக்கும். இந்த வருடம் இன்னொருவரைக் கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லை. பெயரைத் தட்டிப் பார்த்தால், போன சனிக்கிழமை படம் எடுத்தாயிற்று என்று காட்டுகிறது.

"சனிக்கெழம அவரு அறுப்புல இருந்தாராம் தம்பி. இந்த மாதிரி பதினோரு பேரு நிக்கறாங்க. லிஸ்ட்டுல இல்லாம ஏத்தமாட்டேன்னு வேன்காரங்க சொல்றாங்க."

"சாயங்காலம் பாத்துக்கலாம்க்கா."

"வேன் மத்தியானம் போயிடும்."

நான் என்ன சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. "மண்டபத்துக்காரர் உக்காந்திருக்காருக்கா, அப்பறம் பேசறேன்" என்றேன். வேன் போய்விட்டது. வெயிலில் நின்ற பதினோரு பேரும் ஆளுக்கொரு பக்கம் கலைந்து போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்று மணிக்கு அக்கா அலுவலகத்துக்கு வந்தார். அன்றைக்குப் படியில் இரண்டு இடத்தில் நின்றார், மேலிருந்து பார்த்தேன். வந்ததும் பதினோரு பேரின் பெயர் எழுதிய தாளை என் கீபோர்டின் மேல் வைத்தார்.

"ஆச்சின்னியே."

 ஓனர்தான் பேசினார். "ஒரு வருசந்தானேம்மா. அடுத்த வருசம் எடுத்துக்கட்டும். தலையா போயிடுச்சி?"

"மில்லுல ஒரு வருசம்னா என்னான்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"உனக்கு ரொம்பத் தெரியுமோ?"

அக்கா தன் மேசைக்குப் போனார். பையை எடுத்துக்கொண்டார். வேலையை விட்டு நிற்கிறேன் என்றார். ஓனர் விடவில்லை, கடிதம் கொடுத்துவிட்டுப் போ என்று அவரே ஒன்றை அச்சடித்தார். சொந்தக் காரணங்களால் விலகுகிறேன் என்று இருந்தது. அக்கா 'சொந்தக்' என்ற சொல்லைப் பேனாவால் அடித்தார். அப்புறம் 'காரணங்களால்' என்பதையும் அடித்தார். மேலே வேறு எதுவும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் நான் மண்டபத்து வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பதினான்கு ரிப்போர்ட்டையும் திருத்தினேன். மூன்றே நாள். பழைய நகலைத் திறந்து, எந்த முப்பத்தெட்டு பேருக்குத் தேதி பூஜ்யமாக இருந்தது என்று எடுத்து, ஒவ்வொன்றையும் காலியாக்கினேன். அப்போதுதான் அந்தப் பெயர்களை நான் முதன்முதலாகப் படித்தேன். அதுவரை அவை எனக்கு முப்பத்தெட்டு என்கிற ஒரு எண்.

முதல் வரியில் அக்காவின் பெயர் இருந்தது.

அதே பெயர், அதே இனிஷியல், ஊர் மங்கலம்பேட்டை. பிரிவு: கல் மாவு அரைப்பு. ஒன்பது வருடம் வேலை. கடைசியாகப் படம் எடுத்த தேதி இல்லை. தன் வரியையும் அவரேதான் பழைய நோட்டைப் பார்த்துத் தட்டியிருக்கிறார். ஈரத் துணி ஏன் என்று புரிந்தது. படியில் நின்று பார்த்த தெருவும் புரிந்தது. அவரையும் சேர்த்துத்தான் நான் படம் எடுத்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறேன். அது தெரிந்தே எதிரில் நின்று சண்டை போட்டவர், நானும் அதில் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேனை மறுபடி வரவழைக்க முடியுமா என்று சங்கத்துச் செயலாளரிடம் கேட்டேன். தவறு உங்களுடையது என்று உங்கள் அலுவலகம் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். "எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு எவன் நமக்கு வேல குடுப்பான்?" என்றார் ஓனர். எழுதவில்லை. நானாவது எழுதிக் கொடுத்திருக்கலாம். எனக்குக் கை இருந்தது, பேனா இருந்தது. நானும் எழுதவில்லை. ஓனரைத் திட்டுவது எனக்கு எளிது, அதனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நல்லூர்ப் பெரியவர் இன்னும் ஒரு வருடம் அதே மில்லில் அதே தூளைச் சுவாசித்தார். அடுத்த கேம்பில் எடுத்த படத்தில் நோய் வந்திருந்தது. எவ்வளவு நாளாக இருக்கிறது என்று அவர் மகன் கேட்டதற்கு, போன வருடத்துப் படம் இருந்தால் சொல்லலாம் என்றாராம் டாக்டர்.

முப்பத்தெட்டு வரிகளையும் திருத்திய அந்த வாரத்திலேயே நான் மங்கலம்பேட்டைக்குப் போயிருந்தேன். அக்கா அதற்குள் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்துவிட்டார். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருகிற வேலை. நான் போனபோது ஒரு ஆளிடம், "அந்த அட்ரஸ் தெரியலன்னா வூட்டுக்குப் போயிக் கேட்டுட்டு வாங்க, நானா எழுதமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

"உங்க பேரும் அதுல இருந்துச்சிக்கா. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா எனக்காகச் செஞ்சிருப்ப. மத்தவங்களுக்காகச் செய்யலியே நீ."

அடி வாங்கிக்கொண்டு நின்றேன். அடுத்த கேம்புக்கு வாங்க என்றேன். வரேன் என்றார். இத்தனை வருடமாக ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். மெஷினில் தாள் வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எடுத்தா எதுனா ஒண்ணு எழுதுவாங்க தம்பி. எழுதற வரைக்கும் ஒண்ணும் இல்ல பாரு."

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. ஊரில் ஒருவர் விடாமல் எல்லோருடைய காலிக் கட்டத்துக்கும் சண்டை போட்ட பெண் பேசுகிற பேச்சா இது? காலி என்றால் தெரியாது என்றுதான் அர்த்தம், இல்லை என்று அர்த்தம் இல்லை. எனக்கு அதைப் புரியவைத்தது அவர்தான். அதையே அவரிடம் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். "பஸ்ஸு வந்துடும், போயிட்டு வாங்க" என்றார். மறுபடி நீங்க.

நான் அந்த அலுவலகத்தை விட்டேன். சங்கத்து வேலையை மட்டும் தனியாகப் பார்த்து வருகிறேன். ஒருமுறை கல் மாவில் நின்றவர்கள் வேலையை விட்டாலும் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் ஒவ்வொரு வருடமும் பட்டியல் அச்சாகும்போது முதல் வரியில் அக்கா பெயர் வரும். கேம்புக்கு முதல் நாள் போன் செய்வேன். வரேன் தம்பி என்பார். மைக்கில் மூன்று முறை கூப்பிடுவார்கள். யாரும் எழுந்து வரமாட்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று ஊருக்கே சொல்கிறவர், வருடத்துக்கு ஒரு பொய் மட்டும் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வருடமும் போன் செய்தேன். "வரேன்" என்றார். நடுவில் நிறுத்தினார். மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. "தம்பி" என்று முடித்தார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நின்று எந்தத் தெருவைப் பார்க்கிறார் இவர்?

கேம்பில் முதலில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். வரவில்லை. மைக்கில் இருந்த பெண், "இவங்க எந்த வருசமும் வர்றதில்ல சார், லிஸ்ட்டுலேர்ந்து எடுத்துடலாமா?" என்றார். "கை வைக்காதீங்க" என்று கத்தினேன். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம். மத்தியானம் வேன் கிளம்பியபோது டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். விழுப்புரத்துக்குப் போகிற வேன், மங்கலம்பேட்டை வழியாகத்தான் போகும். எத்தனை வருடமாக அந்தக் கடையைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது என்று நினைத்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. இறங்குங்க சார், ரூல்ஸ் இல்ல என்றார் டிரைவர். லிஸ்ட்டில் பெயர் இருக்கிறதா இல்லையா என்று தாளை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். படம் எடுக்கிற அம்மா பின்னாலிருந்து, "வுடுங்க, பத்து நிமிசந்தான்" என்றார்.

ஜெராக்ஸ் கடை வாசலில் வேன் நின்றது. நான் இறங்கவில்லை. வேனில் இருந்த மைக்கை எடுத்துப் பட்டியலின் முதல் பெயரைப் படித்தேன். பஜார் முழுக்கக் கேட்டது. இரண்டாவது முறையும் படித்தேன். மூன்றாவது முறை படிப்பதற்குள் அக்கா வெளியே வந்துவிட்டார். இளைத்திருந்தார். கையில் பாதி நிரப்பிய படிவம் ஒன்று.

"பஜாருல வச்சி மானத்த வாங்கறியாடா?"

"ஆமா. ஏறுங்க."

"முடியாதுன்னா?"

"வேன் இங்கியே நிக்கும். நான் படிச்சிக்கிட்டே இருப்பேன்."

திட்டினார். ஐந்து நிமிடம் நிற்காமல், மூச்சு வாங்க வாங்கத் திட்டினார். நானும் பதிலுக்குத் திட்டினேன். டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். அப்புறம் படிவத்தைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வேனின் பின்பக்கம் வந்தார். நானும் இறங்கி அவர் பின்னால் போனேன். நாலு இரும்புப் படி. இரண்டு ஏறினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று தெருவைப் பார்த்தார்.

"என்னக்கா பாக்கறீங்க?"

"பயமா இருக்குடா" என்றார்.

 அவருக்குப் பின்னால் முதல் படியில் ஏறி, இறங்க வழி விடாமல் நின்றுகொண்டேன்.